உலகப் பொழுதுபோக்கை விட்டு ஆண்டவரிடம் நெருங்குவது எப்படி? மலையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மாதம். குன்னூர் பக்கம் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் சுலபத்தில் விடாது. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே ஒரு மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்துவிட்டது. மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் செல்போன் டவரும் போய்விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டு. அடுப்படியில் மெழுகுவர்த்தி ஏற்றி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து பாட்டியின் பாமாலைப் புத்தகத்தை எடுத்தார்கள். பாட்டி குடும்பம் சிலோனிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்தபோது கையோடு கொண்டுவந்த புத்தகம் அது. முதல் நாள் கொஞ்சம் கூச்சத்தோடு பாடினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தைகளே பாட்டு எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள்.

ஒரு பாட்டின் மூன்றாவது சரணம் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்த டிவி, வைத்த சத்தத்திலேயே திடீரென்று அலறியது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினோம். நாலாவது சரணத்தை யாரும் பாடவில்லை. பத்து நிமிஷத்தில் ஆளுக்கொரு மூலையில் போனும் கையுமாக இருந்தோம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வழிகாட்டி அந்த ராத்திரியில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நானும் எங்கள் சபை வாலிபர்கள் சிலரும் பலமுறை முயன்று, பலமுறை தோற்று, சிலதில் நிலைத்து நின்று கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் சபை சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஆனால் கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் யாருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை விடுவது என்று மட்டும் யோசித்து இறங்கியவர்கள், நான் உட்பட, மூன்று வாரத்துக்குள் பழைய இடத்துக்கே திரும்பினோம். அந்த நேரத்தை ஆண்டவருக்கென்று முதலில் ஒதுக்கிவிட்டு, அப்புறம் விட்டவர்கள்தான் நிலைத்தார்கள். மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் வெறுமையாக இருந்தது. அதனால்தான் அதை விட்டு வெளியே போன அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

1. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

இந்த முதல் வாரத்தில் எதையும் விடவேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நாலு கோடு போடுங்கள். எப்போது, என்ன பார்த்தேன் அல்லது செய்தேன், எவ்வளவு நேரம், அதற்கு முந்தின நிமிஷம் மனசு எப்படி இருந்தது. இந்த நாலாவது கட்டம்தான் முக்கியம்.

நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன். தொட்டபெட்டாவில் வண்டியை நிறுத்தினால், "அரை மணி நேரத்துல வந்துடுறோம்" என்று மேலே போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள். சீட்டைப் பின்னால் சாய்த்துப் போனை எடுத்தால் நேரம் போவதே தெரியாது. அந்த ஒரு வாரத்தில் வண்டிக்குள் காத்திருந்த நேரத்தில் மட்டும் பதினொரு மணி நேரம் ரீல்ஸும் கிரிக்கெட்டும் பார்த்திருந்தேன். வீட்டில் ராத்திரி ஒன்பது மணி நேரம். ஞாயிறு ஆராதனையைத் தவிர, ஆண்டவரோடு நான் செலவிட்டது முப்பது நிமிஷம்கூட இல்லை.

நாலாவது கட்டத்தில் பெரும்பாலும் "சும்மா" என்றே எழுதியிருந்தேன். ஆனால் மூன்று இடத்தில் "வண்டி டியூ நினைப்பு" என்று இருந்தது. தவணை ஞாபகம் வந்து நெஞ்சு பாரமாகும்போதெல்லாம் கை தானாகப் போனுக்குப் போயிருக்கிறது. ஜெபத்தில் ஆண்டவரிடம் கொண்டுபோகவேண்டியதை நான் திரையில் மறைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் நோட்டிலும் இப்படி ஒன்றிரண்டு வரும். அதை அடிக்கோடிட்டு வையுங்கள். பின்னால் அதுதான் உங்கள் ஜெபக் குறிப்பு.

போனில் போகிற நேரத்தை எழுத முடியவில்லை என்றால், ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற இடத்தில் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் என்று காட்டும். ஐபோனில் ஸ்கிரீன் டைம்.

2. பாவம் எது, பாரம் எது, இளைப்பாறுதல் எது

எபிரெயர் 12:1 "பாரமான யாவற்றையும், நம்மைச் சுற்றி நெருங்கிநிற்கிற பாவத்தையும் தள்ளிவிட்டு" ஓடச் சொல்கிறது. பாரம் வேறு, பாவம் வேறு என்று அங்கே இரண்டாகப் பிரித்தே சொல்லப்பட்டிருக்கிறது. நம் சபைகளில் பாதிச் சண்டை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள். மழை நாளில் பறித்த இலையைச் சுமந்துவருவது கொடுமை. நனைந்த இலையும் நனைந்த சாக்கும் தோளை இழுக்கும். ஆனால் எடை போடுகிற இடத்தில் ஈரத்துக்கென்று கிலோவைக் கழித்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் சுமந்த தண்ணீர் கணக்கில் ஏறாது. நம் பொழுதுபோக்கில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர் மாதிரிதான். அதில் விஷம் இல்லை. ஆனால் தோள் வலிக்கிறது, கணக்கிலும் வருவதில்லை. இதைத்தான் நான் பாரம் என்கிறேன்.

நோட்டில் எழுதிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். ஆபாசம், பணம் வைத்து ஆடும் சூதாட்டம், குடிவெறி, அடுத்தவர் குடும்பத்தைக் கிழிக்கிற புறணி, இதெல்லாம் பாவம். இங்கே அளவு பார்க்கிற பேச்சே இல்லை. விட்டாகவேண்டும். இரண்டாவது, பாரம். மணிக்கணக்கான ரீல்ஸ், ஒன்றுவிடாமல் எல்லா மேட்சும், மூன்று சீரியல், தூங்குகிறவரை கேம். மூன்றாவது, உண்மையான இளைப்பாறுதல். குழந்தைகளோடு கேரம், மைதானத்தில் பந்து விளையாடுவது, தோட்டத்தில் மண் கிளறுவது, உறவினர் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் டீ. இதை விடவேண்டியதில்லை. இதைக் கூட்டவேண்டும்.

எது எந்தப் பட்டியலில் சேரும் என்று சந்தேகம் வந்தால் 1 கொரிந்தியர் 6:12-ஐ அதன்மேல் வைத்துப் பாருங்கள். "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்." நாளைக்கு ஒரு நாள் இது இல்லாமல் என்னால் இருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்று மனசு லேசாகச் சொன்னால் அது உங்கள் கையில் இருக்கிறது. எரிச்சல் வந்தால் நீங்கள் அதன் கையில் இருக்கிறீர்கள்.

கல்யாணம், ஊர் விருந்து, சொந்தக்காரர் வீட்டு விசேஷம், இவற்றை "உலகம்" என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. இயேசு கானாவூர்க் கல்யாணத்துக்குப் போனார். படுகர் சமுதாயத்திலிருந்து வந்த விசுவாசிகளுக்கு ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில் உள்ள சொந்தங்களோடு எதில் சேர்வது, எதில் ஒதுங்குவது என்ற கேள்வி இன்னும் நுணுக்கமானது. அதை வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவர்கள் ஆயரோடும் வீட்டுப் பெரியவர்களோடும் உட்கார்ந்து ஜெபித்து முடிவெடுப்பதுதான் சரி. நகை போடலாமா, சினிமாவே கூடாதா என்பதிலும் ரோமர் 14-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு, உங்கள் மனச்சாட்சிக்கு ஆண்டவர் சொன்னதைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைச் சட்டமாக்க வேண்டாம்.

3. விடுவதற்கு முன்னால் நேரத்தை நிரப்புங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வாரமும் டிவியையும் போனையும் பழையபடியே வைத்துக்கொண்டு, ஆண்டவரோடு இருக்கிற நேரத்தை மட்டும் முதலில் ஊன்றுங்கள்.

காலை நேரம். "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" என்று மாற்கு 1:35-இல் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எங்கள் வாலிபர் ஒருவர் ஐந்து மணிக்கு எஸ்டேட் பாதையில் ஜெபநடை போனார். திருப்பத்தில் காட்டெருமை. நல்லவேளை, அது வழிவிட்டது. நம் மலையில் இருட்டோடு எழுந்திருங்கள், ஆனால் இருட்டோடு வெளியே போகாதீர்கள். கரடியும் சிறுத்தையும் காட்டெருமையும் நடமாடுகிற நேரம் அது. வெளியே நடந்து ஜெபிக்கப் பிரியமானால் நன்றாக வெளிச்சம் வந்தபிறகு, ஆள் நடமாட்டம் உள்ள ரோட்டில் போங்கள்.

வீட்டுக்குள் என்றால் குளிர்தான் எதிரி. டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது கம்பளிக்குள்ளேயே ஜெபித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது ஐந்து நிமிஷத்தில் தூக்கமாகிவிடும். முந்தின ராத்திரியே பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், ஸ்வெட்டர், குல்லா, வேதாகமம், நோட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். எழுந்ததும் அடுப்படிக்குப் போய் நிமிர்ந்து உட்காருங்கள். போன் அந்த அறையில் இருக்கக் கூடாது. அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் அலாரத்தை அணைக்கப் போனை எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து, காலை போய்விட்ட நாட்களை நான் எண்ணியே பார்த்திருக்கிறேன்.

எதைப் படிப்பது? புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். மொத்தம் 16 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய முடியும். ஏற்கெனவே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் சங்கீதத்தையும் நீதிமொழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நீதிமொழிகள் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்றாக மாதம் முழுவதும் வரும். 66 புத்தகத்திலும் சேர்த்து 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று படித்தால் ஒரு வருஷத்தில் முழு வேதாகமமும் முடிந்துவிடும். ஆனால் முதல் மாதமே இதில் இறங்கவேண்டாம். லேவியராகமத்தில் சோர்ந்துபோய் விட்டவர்கள் நிறையப் பேர்.

படிக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் ஓட்டினால் ரீல்ஸ் மாதிரியே நழுவிப்போகும். ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுதுங்கள். அப்புறம், முதல் வாரத்தில் அடிக்கோடிட்ட அந்த ஒன்றிரண்டு பாரங்களை எடுத்து, அந்த வசனத்தின் வார்த்தைகளையே கொண்டு ஜெபியுங்கள். "ஆண்டவரே, இந்த மாதத் தவணை எட்டாயிரத்துக்கு வழி தெரியவில்லை" என்று சொல்லி ஜெபித்த அன்றைக்கு எனக்குப் பணம் வரவில்லை. ஆனால் தொட்டபெட்டாவில் வண்டிக்குள் போனைத் தேடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காத்திருக்கிற நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள். டிரைவர், கடைக்காரர், காட்டேஜ் பார்த்துக்கொள்கிறவர், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற காலேஜ் பிள்ளைகள், நமக்கெல்லாம் நாள் இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. வண்டி டேஷ்போர்டில் ஒரு சின்னப் புதிய ஏற்பாடு வைத்திருக்கிறேன். போனைப் பின்சீட்டில் வைத்துவிடுவேன். கஸ்டமர் கூப்பிட்டால் மணி கேட்கும், அது போதும்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். இருபது நிமிஷத்தைத் தாண்டவிடாதீர்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கர்த்தருடைய ஜெபம். சங்கீதத்தைக் குழந்தைகள் படிக்கட்டும், தடுமாறினாலும் பரவாயில்லை. அப்பா பிரசங்கம் பண்ணக் கூடாது. நான் பண்ணிப் பார்த்து, பிள்ளைகள் கொட்டாவி விட்டு, அதற்கப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

4. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நாள் குறியுங்கள்

இப்போது பாரப் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போடுகிற வைராக்கியம் கன்வென்ஷன் கூட்டம் முடிந்த ராத்திரியில் எல்லாருக்கும் வரும். அதை மதிக்கிறேன், ஆனால் நம்பமாட்டேன்.

நாள் குறிப்பதில் மலைக்காரர்கள் சீசனைப் பார்க்கவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியில் தூங்கவே நேரமிருக்காது. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் கூட்டத்துக்குக் குறைவில்லை. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன். இந்த மாதங்களில் புதுப் பழக்கம் ஊன்றாது. எனக்குத் தெரிந்து மிக நல்ல காலம் லெந்து நாட்கள்தான், கத்தோலிக்க சகோதரர்கள் தவக்காலம் என்பார்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளையும் உபவாசக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால். மீதி 40. சபை முழுவதும் அப்போது ஒரே திசையில் நடப்பதால் தனியாக இழுக்கவேண்டியதில்லை. ஐ.பி.எல். பெரும்பாலும் லெந்தின் கடைசிப் பகுதியில்தான் ஆரம்பிக்கும். கிரிக்கெட்தான் உங்கள் பாரம் என்றால் அந்த இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள்.

எழுதும்போது "போனைக் குறைப்பேன்" என்று எழுதாதீர்கள். "ராத்திரி எட்டிலிருந்து காலை ஏழு வரை போன் அலமாரிக்குள் இருக்கும், அந்த எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம்" என்று எழுதுங்கள். விடுவதும் வைப்பதும் ஒரே வரியில் வரட்டும்.

5. போனிலும் டிவியிலும் செய்யவேண்டிய வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். ஷார்ட்ஸ், ரீல்ஸ் வருகிற ஆப்பைப் போனிலிருந்தே எடுத்துவிடுங்கள், டைமர் போட்டு வைப்பதைவிட இது சுலபம். யூடியூபில் பிரசங்கமும் பாட்டும் கேட்கவேண்டும் என்பவர்கள் அதன் செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை அணைத்து, பழையதையும் அழித்துவிடுங்கள். முகப்பில் சிபாரிசு வீடியோக்கள் வராது. தேடினால் மட்டும் கிடைக்கும். ஆட்டோபிளேயையும் அணையுங்கள். நோட்டிஃபிகேஷனில் போன் காலையும் வேலைக்கான மெசேஜையும் தவிர எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரீல்ஸை விட்டுவிட்டு அதே மூன்று மணி நேரம் கிறிஸ்தவ வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்கள் உண்டு. கை அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு செய்தியை முழுசாகக் கேட்டுவிட்டுப் போனை வையுங்கள்.

டிவிக்கு ஒரே வழி, பார்த்து முடித்ததும் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைப்பது. காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

6. வீட்டில் மற்றவர்கள்

இங்கேதான் நான் பெரிய தப்புச் செய்தேன். வைராக்கியம் வந்த முதல் வாரம், அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது நேராகப் போய் டிவியை அணைத்தேன். "இதெல்லாம் பிசாசோட வேலைம்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் இருட்டான திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் விரலைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்: "நாள் முழுக்க மழையில நின்னு கொழுந்து பறிச்சிட்டு வர்றேன்டா. அரை மணி நேரம் உட்கார விடமாட்டியா?" அவர்கள் விரல் நுனியில் இலைக்கறை கறுப்பாக ஏறியிருந்தது. வெடிப்பில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார்கள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். ஒரு சீரியல், அது முடிந்ததும் ஜெபம் என்று அம்மாவே ஒழுங்கு வைத்தார்கள். என் விரதம் என்னுடையது. அதை மற்றவர்கள் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. கணவனோ மனைவியோ விசுவாசத்தில் இல்லாத வீடுகளில் இன்னும் பொறுமை வேண்டும். உங்கள் கோபம் குறைந்திருக்கிறதா, வீட்டு வேலையில் கை கொடுக்கிறீர்களா, இதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். ஒரு மாதம் ஜெபித்தும் வாய் அதே வாயாக இருந்தால் அவர்கள் ஏன் நம்பவேண்டும்?

பிள்ளைகளிடம் போனைப் பிடுங்கினால் அந்த இடத்தில் உங்களைக் கொடுக்கவேண்டும். வேறு வழி கிடையாது. கேரம் போர்டு, ஞாயிறு மத்தியானம் நடை, வேதாகமக் கதையை அவர்களே நடித்துக் காட்டுவது என்று நேரம் செலவழிக்க ஆயத்தமாக இருங்கள். இல்லையென்றால் பிடுங்கவேண்டாம்.

7. குடி, சூதாட்டம், ஆபாசம்

இவை வேறு ரகம். நாற்பது நாள் நோட்டுப் போட்டுத் தீராது, ஆள் துணை வேண்டும்.

மலையில் குடிக்கு எப்போதும் ஒரே சாக்கு: குளிர். குடித்தால் தோலுக்கு ரத்தம் அதிகமாக ஓடுவதால் சூடேறியதுபோல் இருக்கும். உண்மையில் உடம்பின் சூடு அந்த வழியாக வெளியே போகிறது. குளிரில் குடிப்பது ஆபத்தே தவிர பாதுகாப்பில்லை. இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். பல வருஷமாகத் தினமும் அதிகம் குடித்தவர் ஜெபக்கூட்டத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டு அன்றே முழுவதும் நிறுத்தினால், அடுத்த இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிற முறையில் நிறுத்தவேண்டும். அது அவிசுவாசம் ஆகாது. சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியர்தான். ஜெபிக்கிறவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மனநல உதவிக்கு அரசின் டெலிமனஸ் எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டவர்கள் வெட்கத்தில் வீட்டில் மறைப்பார்கள், மறைக்க மறைக்கக் கடன் வளரும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. முதல் வேலை மனைவியிடமோ அப்பாவிடமோ முழுத் தொகையைச் சொல்வது. ஆபாசத்துக்கும் அப்படியே, நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டு ஒத்துக்கொள்வதுதான் தொடக்கம். யாக்கோபு 5:16 நம் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஆண்கள் ஆணிடம், பெண்கள் பெண்ணிடம், வாயைக் காக்கத் தெரிந்தவராகப் பார்த்துச் சொல்லுங்கள்.

8. ஒரு துணை, ஒரு வீழ்ச்சி

சபைக்கு அறிவிக்கவேண்டாம், ஸ்டேட்டஸும் வைக்கவேண்டாம். "இத்தனை நாளாக டிவி பார்க்கவில்லை" என்று போட்ட அன்றே அதன் பலன் போய்விட்டது. உபவாசிக்கிறவன் தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவிக்கொள்ளட்டும் என்று மத்தேயு 6-இல் ஆண்டவர் சொன்னது நமக்குத்தான். ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அவர் இரண்டு கேள்வி கேட்கட்டும். இந்த வாரம் ஆண்டவர் உங்களிடம் என்ன பேசினார்? எங்கே விழுந்தீர்கள்? முதல் கேள்வியைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

விழுவீர்கள். நான் இருபத்து மூன்றாம் நாள் விழுந்தேன். லாட்ஜ் பார்க்கிங்கில் சும்மா ஸ்கோர் மட்டும் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, ராத்திரி பன்னிரண்டு வரை போனது. மறுநாள் காலை வேதாகமத்தைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தில்தான் பலர் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்று நீதிமொழிகள் 24:16 சொல்கிறது. நாளை எண்ணுவதை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். இருபத்து நாலாம் நாளைத் தொடருங்கள்.

நன்றாகப் போகிறவர்களுக்கு வேறொரு குழி இருக்கிறது. விடாதவர்களைப் பார்த்து மனசுக்குள் ஒரு சிரிப்பு வரும். அது வந்த நாளில் லூக்கா 18-இல் வரும், தன்னை மெச்சிக்கொண்ட பரிசேயனையும் தன்னைத் தாழ்த்தின ஆயக்காரனையும் முழங்காலில் இருந்து படியுங்கள்.

9. நாற்பது நாளுக்குப் பிறகு

ஈஸ்டர் முடிந்த அடுத்த நாளே எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். நோட்டை எடுத்து, ஒவ்வொன்றாக ஆண்டவர் முன் வைத்து, திரும்ப வரலாமா என்று கேளுங்கள். சிலது வரவே கூடாது என்று தெளிவாகத் தெரியும். சிலது அளவோடு வரலாம். சிலது வேறு உருவத்தில் வரும்.

எங்கள் வாலிபர் ஒருவர் முன்பு இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். சினிமாப் பாட்டை விட்டபோது கீபோர்டையே எரித்துவிடவா என்று என்னிடம் கேட்டார். எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள் என்பது உண்மைதான், அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. ஆனால் கீபோர்டு மாயவித்தை கிடையாது. நான் அவரை ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1829-இல் அஸ்திவாரம் போட்டு, 1831 ஈஸ்டரில் ஆராதனைக்குத் திறந்த ஆலயம் அது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்த மரங்கள். டூரிஸ்ட்டுகளுக்கு நூறு தடவை சொன்ன கதை. அன்றைக்குத்தான் நானே அண்ணாந்து நின்று பார்த்தேன். ஒரு ராஜாவின் மாளிகையைத் தாங்கிய மரம், இத்தனை வருஷமாக ஆராதனையைத் தாங்கி நிற்கிறது. அந்த வாலிபர் இப்போது சனிக்கிழமைதோறும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டாவது சீசனில்கூட வகுப்பை நிறுத்தவில்லை.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் திரும்ப வந்தது, ஞாயிறு மட்டும், பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க. ரீல்ஸ் வரவில்லை. நான் விடியற்காலையில் அடுப்படியில் உட்காருவது நிலைத்துவிட்டது. சீசனில் ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் பத்து நிமிஷமாவது உட்காருவேன். அம்மா அந்த ஒரு சீரியலை இன்னும் பார்க்கிறார்கள். முடிந்ததும் அவர்களே எழுந்துபோய்ச் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட்டு, "பாட்டிப் புத்தகத்த எடுடா" என்பார்கள். எந்தப் பாட்டானாலும் எல்லாச் சரணத்தையும் பாடியாகவேண்டும் என்பது பிள்ளைகள் வைத்திருக்கிற ஒழுங்கு.